நாம் சொல்வதும் அவர் காதில் விழுவதும்

"நீங்கள் மறுபடியும் பிறக்க வேண்டும்." சபைக்குள் வளர்ந்தவருக்கு இது யோவான் 3ஆம் அதிகாரம், புதுவாழ்வின் வாசல். மறுபிறவியை நம்பும் குடும்பத்தில் வளர்ந்தவருக்கோ, மறுபடியும் பிறப்பதுதான் தீர வேண்டிய துன்பமே. பிறவிச் சுழலிலிருந்து விடுபட வழி தேடுகிறவரிடம் போய் இன்னொரு பிறவி எடுக்கச் சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. பௌத்தப் பின்னணியில் வந்தவரிடம் "நித்திய ஜீவன்" என்றாலும் இதே நிலைதான். முடிவில்லாமல் நீளும் வாழ்வு அவருக்கு வாக்குத்தத்தமாகத் தோன்றாது. சொன்னவர் வேதத்தைத்தான் சொன்னார், ஓர் எழுத்தும் பிசகவில்லை. கேட்டவர் காதில் விழுந்த செய்தி மட்டும் வேறு.

சுவிசேஷம் சொல்லும்போது நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. வசனம் தெரியாததால் வரும் தவறு குறைவு, தைரியமின்மையால் வருவதும் குறைவுதான். அந்த அதிகாரத்தில் இயேசுவோடு பேசிய யூதத் தலைவர் நிக்கொதேமுவே இதே சொல்லில்தான் இடறினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு "மறுபடியும்" என்றும் "மேலிருந்து" என்றும் இரண்டு பொருள் உண்டு. அவர் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, முதிர்ந்தவன் தாயின் வயிற்றில் எப்படி நுழைவான் என்று கேட்டார். இயேசு அந்தச் சொல்லையே இன்னும் உரக்கச் சொல்லிவிட்டு நகரவில்லை. ஜலம், ஆவி, வீசும் காற்று என்று வேறு வழியில் அதே இடத்துக்கு அழைத்துப் போனார். எல்லாப் பின்னணியினரோடும் விசுவாசத்தைப் பகிர்வதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடைக்காது.

மாறாதது எது, மாறுவது எது

கேட்பவருக்கு ஏற்பப் பேசுவது என்றதும் செய்தியையே நீர்த்துப்போக விடுவதாகச் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் மாறாத பகுதி எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1 கொரிந்தியர் 15:3-5இல் பவுல் அதைத் தானும் பெற்றுக்கொண்டதாகவே ஒப்புவிக்கிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், காணப்பட்டார். இதில் எதையும் விடவும் முடியாது, யாருக்காகவும் மென்மையாக்கவும் முடியாது. ஆனால் இந்த உண்மைகளுக்கு வந்து சேரும் பாதை எங்கே தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கேட்பவர் நிற்கும் இடம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் மூன்று பேச்சுகளை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். 13ஆம் அதிகாரத்தில் பிசீதியாவைச் சேர்ந்த அந்தியோகியாவின் ஜெப ஆலயம். கேட்பவர்கள் வேதம் அறிந்தவர்கள். பேச்சு எகிப்திலிருந்து இஸ்ரவேல் புறப்பட்டதில் தொடங்கி, தாவீது வழியாக இயேசுவிடம் வருகிறது, சங்கீதமும் ஏசாயாவும் ஆபகூக்கும் மேற்கோளாகின்றன. 14ஆம் அதிகாரத்தில் லீஸ்திரா. பவுலையும் பர்னபாவையும் மனித உருவில் வந்த தெய்வங்கள் என்று நம்பி, எருதுகளோடு பலியிட வந்த கூட்டம். அங்கே ஆபிரகாமும் இல்லை, தாவீதும் இல்லை. வானத்திலிருந்து பெய்யும் மழை, விளைச்சல் தரும் காலங்கள், நிறைந்த மனம் என்று அவர்கள் அன்றாடம் கண்டதிலிருந்தே பேச்சு எழுகிறது. 17ஆம் அதிகாரத்தில் அத்தேனே. "அறியப்படாத தேவனுக்கு" என்று பலிபீடத்தில் எழுதியிருந்ததையும், கிலிக்கியா நாட்டுப் புலவர் அராத்துவின் ஒரு வரியையும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். நகரம் முழுக்கச் சிலைகளைக் கண்டு அவருடைய ஆவி கொதித்தது என்று அதே அதிகாரம் சொல்கிறது. அந்தக் கொதிப்பு வாயில் வரவில்லை. அந்தியோகியாவிலும் அத்தேனேயிலும் தொடக்கம் எங்கோ, முடிவு ஒன்றுதான்: மரித்தோரிலிருந்து எழுந்தவர்.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய ஒரு வசனம் 19:37. எபேசுவில் பவுல் 2 ஆண்டுகளுக்கு மேல் போதித்திருந்தார். மாயவித்தைப் புத்தகங்களை ஜனங்கள் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள், அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பிறகு கலகம் மூண்டபோது நகரத்தின் சம்பிரதியே எழுந்து நின்று, இந்த மனிதர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சொல்கிறார். எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவர் நம்மைப் பற்றி இப்படிச் சொல்லும்படி பேசியிருக்கிறோமா என்பது நல்ல அளவுகோல்.

சபைச் சொற்களின் சிக்கல்

"பாவம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தெருவில் அதன் முதல் பொருள் இரக்கம். "ஐயோ பாவம்" என்றால் பரிதாபம், "அவர் பாவம்" என்றால் அப்பாவி. அடுத்த பொருள் பாவ புண்ணியக் கணக்கு: செய்த தீமை ஒரு பத்தி, செய்த நன்மை இன்னொரு பத்தி, கடைசியில் மிச்சம். "நாம் எல்லாரும் பாவிகள்" என்று சொன்னவுடன் கேட்பவர் மனதில் அந்தக் கணக்கேடுதான் திறக்கிறது. தான் யாரையும் கொலை செய்யவில்லை, திருடவில்லை என்று நினைத்துக்கொள்வார். சொல்பவர் நினைத்ததோ தேவனோடு முறிந்த உறவை. அதனால் சொல்லை வீசுவதைவிட லூக்கா 15இல் வரும் இளைய மகனின் கதையைச் சொல்வது மேல். தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கைக் கேட்டவன், தூரதேசம் போனவன், பன்றிகளின் நடுவே பசியோடு நின்றவன். முறிந்தது கணக்கா உறவா என்று விளக்கவே வேண்டாம், கேட்பவரே சொல்லிவிடுவார். மானம் அவமானத்தை வைத்து வாழ்வை அளக்கிறவர்களுக்கு இந்தக் கதை இன்னும் ஆழமாக இறங்கும். ஓடிவந்து கட்டிக்கொண்ட அந்தத் தகப்பன், மகனுடைய அவமானத்தை ஊர் பார்க்கத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர்.

"தேவன்" என்றால் பல தேவர்களில் ஒருவர் என்று கேட்கும் காதுகள் உண்டு. "கடவுள்" என்றோ "எல்லாவற்றையும் படைத்தவர்" என்றோ தொடங்கினால் குழப்பம் குறையும். "அபிஷேகம்" என்றதும் சிலைக்கு நீராட்டுவது நினைவுக்கு வரும். "சாட்சி சொன்னார்" என்றால் நீதிமன்றம். "உத்தரவு" இன்னும் விசித்திரம்: 1 பேதுரு 3:15இல் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அங்கே அதன் பொருள் பதில். இன்று அதைக் கேட்பவருக்குக் கட்டளை என்றுதான் படும். அதே வசனம் கேட்கும் சாந்தமும் வணக்கமும் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகும்.

எல்லாவற்றிலும் நெருடலான சொல், பிறரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைச் சபை குறிக்கும் "ஆத்தும ஆதாயம்". 1 கொரிந்தியர் 9இல் பவுல் தன்னை எல்லாருக்கும் அடிமையாக்கினேன் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்தது அது. அங்கே இழப்பு முழுவதும் சொல்பவருடையது. இன்று வெளியாள் ஒருவர் காதில் விழும்போது, தான் யாருக்கோ லாபக்கணக்காகிவிட்டதாகவே தோன்றும். இந்தச் சொல்லைச் சபைக்குள்கூடக் குறைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பேசும் மொழி மெல்ல மெல்லப் பார்க்கும் பார்வையையும் மாற்றிவிடுகிறது.

எளிய பயிற்சி ஒன்று உண்டு. சொல்ல நினைக்கும் செய்தியை 300 சொற்களுக்குள் எழுதுங்கள். அதில் சபைக்கு வெளியே அதே பொருளில் புழங்காத சொற்களை அடிக்கோடிடுங்கள். இரட்சிப்பு, கிருபை, மீட்பு, பரிசுத்தம், விசுவாசம், ஆவிக்குரிய என்று முதல்முறை எழுதும்போது கோடுகள் நிறையவே விழும். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தாலோ ஒரு கதையாலோ மாற்றி எழுதுங்கள். "இரட்சிக்கப்பட்டேன்" என்றால் எதிலிருந்து, யாரால், எப்படி என்ற மூன்றுக்கும் பதில் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் நிற்கும் இடம்

இஸ்லாமியப் பின்னணி உள்ளவருக்கு இயேசு புதியவர் அல்ல. ஈசா என்ற பெயர், கன்னியிடம் பிறந்தது, மெசியா என்ற பட்டம், அற்புதங்கள் எல்லாம் குர்ஆனில் உண்டு. 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். தடை இரண்டு இடத்தில். "தேவகுமாரன்" என்றதும் இறைவனுக்கு மனைவியும் பிள்ளையும் உண்டென்று கிறிஸ்தவர்கள் சொல்வதாக அவர் கேட்கிறார். அப்படிப்பட்ட பொருளை நாமும் தெய்வநிந்தனை என்றே கருதுகிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு யோவான் 1ஆம் அதிகாரத்தின் "வார்த்தை"யிலிருந்து தொடங்கலாம், குர்ஆன் 4:171உம் இயேசுவை இறைவனின் வார்த்தை என்று குறிப்பிடுகிறது. இரண்டாவது தடை சிலுவை. 4:157ஐ வைத்து அவர் அறையப்படவில்லை என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். இதை வாதத்தால் முதல் நாளே உடைக்க முயல்வது வீண். முகம்மது நபியைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் வந்தாலும் உரையாடல் அங்கே முடிந்தது. வேதாகமத்தைத் தரையில் வைக்காதீர்கள், கோடு போட்டுக் கிறுக்கிய பிரதியைக் கையில் கொடுக்காதீர்கள். பரிசுத்தமென்று சொல்லும் நூலை நாமே மதிக்காததாக அவருக்குத் தோன்றும். பெண்களோடு பெண்களும் ஆண்களோடு ஆண்களும் பேசுவதே நல்லது.

இந்துப் பின்னணியில் சிக்கல் நேரெதிர். மறுப்பு வராது, உடனடி ஒப்புதல் வரும். இயேசுவும் தெய்வம்தான், எல்லா நதியும் கடலுக்குத்தான் என்பார்கள். சொல்பவர் இதை வெற்றியென்று எடுத்துக்கொள்வார், அல்லது பதறிப்போய் "ஒரே வழி" வசனத்தை எடுத்து அடிப்பார். இரண்டும் பிழை. மாற்கு 2ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிப்பது உதவும். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்குகிறார்கள், எல்லாரும் எதிர்பார்த்தது சுகம், இயேசு முதலில் சொன்னது பாவமன்னிப்பு. தேவன் ஒருவரேயன்றிப் பாவத்தை மன்னிக்க யாரால் கூடும் என்ற கேள்வி அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர் மனதிலேயே எழுகிறது. இவர் யார் என்ற கேள்வியைக் கதையே எழுப்பட்டும். வினைப்பயன் பற்றிப் பேச்சு வந்தால் யோவான் 9ஐத் திறக்கலாம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். கேட்பவரின் கேள்வியே அது.

எந்த மதமும் வேண்டாம் என்பவரிடம் "வேதம் சொல்கிறது" என்பது ஆதாரமாகாது. வரலாற்றிலிருந்து தொடங்கலாம்: கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55ஐச் சேர்ந்தது. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட 500க்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அதில் பவுல் எழுதுகிறார், போய் விசாரிக்கலாம் என்பதுபோல. கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம் என்ற கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல நேரம் ஒரு மரணமோ நீண்ட நோயோ இருக்கும். "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் அன்பு.

யூதர்களிடம் பேசுகிறவர் ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்: கட்டாய ஞானஸ்நானம், நாடுகடத்தல், படுகொலை எல்லாம் சிலுவையை ஏந்தியவர்களால் நடந்தவை. கிறிஸ்துவின் பாடுகளுக்கு எல்லா யூதரையும் குற்றம்சாட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி அறிவித்ததே 1965இல்தான். இயேசுவும் மரியாளும் பன்னிரு சீஷரும் யூதர்கள் என்ற உண்மையை நாம் உணர்ந்து பேசாவிட்டால் வேறெதுவும் எடுபடாது.

பேய் பிசாசு, செய்வினை என்ற அச்சத்தில் வாழ்கிறவருக்கு மன்னிப்பைவிட முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. தீய அதிகாரங்களைக் கிறிஸ்து சிலுவையில் வென்றார் என்னும் கொலோசெயர் 2:15 அங்கே பேசும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து எல்லாச் சொல்லும் மனப்பாடமான பிறகு எதுவும் தைக்காமல் போனவர் இன்னும் கடினம். அவரிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சேர்ந்து வாசிக்க ஒரு சுவிசேஷம் உண்டு.

உட்கார்ந்து பேசும்போது

எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தருகே ஓடிச்சென்ற பிலிப்பு முதலில் சொன்னது ஒரு கேள்வி: வாசிப்பதன் கருத்து தெரியுமா? அவர் வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவின் அதே பகுதியிலிருந்துதான் இயேசுவைப் பிரசங்கித்தார். சமாரியப் பெண்ணிடம் இயேசு தொடங்கியது இன்னும் ஆச்சரியம், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர், வாங்குகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். முதல் சந்திப்பில் பாதிக்கு மேல் நேரம் அவர் பேச நாம் கேட்பதாக இருக்கட்டும். எதை நம்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், யாரை இழந்தார் என்பது தெரியாமல் எந்த வசனமும் இடம் பார்த்து விழாது.

சொந்தச் சாட்சிக்கு 3 நிமிடம் போதும். அகிரிப்பா ராஜா முன் பவுல் பேசிய அப்போஸ்தலர் 26ஐ அளவாகக் கொள்ளலாம்: முன்பு எப்படி இருந்தேன், வழியில் யாரைச் சந்தித்தேன், அதன்பின் என்ன ஆனது. பலர் முதல் பகுதியிலேயே 2 நிமிடத்தைச் செலவழித்து, கெட்ட வாழ்வை விவரமாகச் சொல்லி, கிறிஸ்துவை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுப்பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும். நோயிலிருந்து சுகமான சாட்சியைச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. எதிரே இருப்பவர் வீட்டில் சுகமாகாத ஒருவர் படுத்திருக்கலாம், அவர் காதில் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றே அது விழும்.

வாசிக்கக் கொடுப்பதென்றால் முழு வேதாகமத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆதியாகமத்தில் தொடங்குகிறவர் லேவியராகமத்தில் நின்றுவிடுவார். மாற்கு 16 அதிகாரம்தான், நிதானமாக வாசித்தாலும் 2 மணி நேரத்துக்குள் முடியும். யூதப் பழக்கங்களை 7ஆம் அதிகாரத்திலும், "தலீத்தாகூமி" போன்ற அரமேயச் சொற்களை 5ஆம் அதிகாரத்திலும் அதுவே விளக்கிக்கொண்டு போகும், ஏனெனில் அது யூதரல்லாத வாசகர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சேர்ந்து வாசிக்கும்போது ஒரு சம்பவத்துக்கு மேல் போக வேண்டாம். ஒருவர் வாசிக்கட்டும், இன்னொருவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொற்களில் திரும்பச் சொல்லட்டும். விட்டுப்போனதை மற்றவர்கள் நிரப்பட்டும். பிறகு கேள்விகள்: இதில் பிடித்தது என்ன, இடித்தது என்ன, கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது, மனிதரைப் பற்றி என்ன தெரிகிறது? எழுத்து வாசனை இல்லாதவர்களோடும் இது அப்படியே நடக்கும். திரும்பச் சொல்லும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவர் காதில் உண்மையில் என்ன விழுந்தது என்பது நமக்குத் தெரியவரும்.

எது கூடாது

2011இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் பேரவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக சுவிசேஷ ஐக்கியம் மூன்றும் சேர்ந்து ஒரே ஆவணத்தை வெளியிட்டன. இவ்வளவு வேறுபாடுள்ள சபைகள் ஒப்புக்கொண்ட அதன் சாரம் எளிது: பொருளோ பணமோ காட்டி இழுப்பது கிறிஸ்தவ சாட்சி ஆகாது, மனிதரின் வறுமையையும் தேவையையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. உதவி செய்ய வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. உதவியையும் செய்தியையும் ஒன்றுக்கொன்று நிபந்தனையாக்கக் கூடாது. செய்தியை மறுத்தவருக்கும் அடுத்த மாதம் அதே உதவி அதே முகத்தோடு போய்ச் சேருகிறதா என்று பாருங்கள், அங்கே உண்மை தெரிந்துவிடும். சிகிச்சைப் படுக்கையில் இருப்பவர், கடன்பட்டவர், நம்மிடம் வேலை செய்கிறவர் ஆகியோரால் "வேண்டாம்" என்று எளிதில் சொல்ல முடியாது. அவர்களாகக் கேட்டாலொழிய நாம் தொடங்கக் கூடாது. பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசுவதும் கூடவே கூடாது. நம் பிள்ளைகளிடம் வேறொருவர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

விசுவாசத்துக்கு வந்தவரின் படத்தையும் பெயரையும் இணையத்தில் போடுவது பரவலான பழக்கமாகிவிட்டது. சில வீடுகளில் அந்த ஒரு படம் அவரை வெளியே தள்ளிவிடும், சில நாடுகளில் உயிருக்கே ஆபத்து. எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது அவருடைய முடிவு. பெயரை மாற்றிக்கொள், உடையை மாற்றிக்கொள், வீட்டை விட்டு வா என்றெல்லாம் அவசரப்படுத்துவதும் வேதத்துக்கு மாறானது. புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர், விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளத் தேவையில்லை என்று எருசலேம் ஆலோசனைக் கூட்டம் முடிவெடுத்தது அப்போஸ்தலர் 15இல் இருக்கிறது. அவனவன் அழைக்கப்பட்ட நிலையிலே நிலைத்திருக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது. குடும்பத்தோடு பொறுமையாக இருந்தவர் பின்னாலேயே வீட்டாரும் வர வழி உண்டு, பிய்த்துக்கொண்டு வந்தவர் பின்னால் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கடைசியாக, "ஆம்" என்ற சொல். பெரியவர் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர், ஜெபிக்கலாமா என்றால் ஆம் என்பார், ஏற்றுக்கொள்கிறீர்களா என்றாலும் ஆம் என்பார். பாதி ஆம்கள் உபசாரம். முதல் சந்திப்பிலேயே அறிக்கை ஜெபம் வரை ஓடி, எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொண்டு திரும்புகிறவர் அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு ஏன் திறக்கவில்லை என்று திகைப்பார். அத்தேனேயில் பவுல் பேசி முடித்தபோது சிலர் பரிகாசம் பண்ணினார்கள், சிலர் விசுவாசித்தார்கள், தியொனீசியு, தாமரி என்று இரண்டு பெயர்கள் நமக்குக் கிடைத்தன. நடுவில் ஒரு கூட்டம், இதைக் குறித்து இன்னொருமுறை கேட்போம் என்றது. நாம் சந்திப்பவர்களில் மிகுதியானோர் அந்த நடுக் கூட்டம்தான். அவர்களிடம் விடைபெறும்போது அழுத்தம் கொடுக்காமல் நாள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்குவின் முதல் 2 அதிகாரங்களை வாசித்து வைக்கச் சொல்லுங்கள். குறித்த நாளில் போனதும் "முடிவு பண்ணீட்டீங்களா?" என்று கேட்க வேண்டாம். "வாசிச்சதுல எது புரியல?" என்று கேளுங்கள்.